சூடு மீற்றரும் சாரதியின் சம்பளமும்

முன்னேஸ்வரத்தில் திருவிழா தொடங்கிவிட்டால் சிலாபத்திலிருந்து வரும் பாதையில் வாகனங்கள் ஓடுவதில்லை, ஊர்ந்துதான் வரும். அப்படியான ஒரு நாளில் என் கடைக்கு முன்னால் ஒரு டவுன்ஏஸ் வேன் நின்றுவிட்டது. முன் ஆசனத்துக்குக் கீழேயிருந்து ஆவி கிளம்பியது. முதலாளி இறங்கினார். நமக்குத் தெரிந்தவர்தான், வாரியபொல பக்கத்துச் சந்தைகளுக்குத் துணி கொண்டு போகிறவர். இறங்கியதும் அவர் செய்த முதல் வேலை, சாரதிப் பையனுக்கு ஏசியதுதான்.

"மீற்றரப் பாக்கத் தெரியாதா? கெஸ்கட் போயிருந்தா ஒன்ட சம்பளத்துலதான் வெட்டுவன்."

பையன் பயத்தில் ஒரு துணியை எடுத்து ரேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனான். நான் கடைக்குள்ளிருந்து சத்தம் போட்டுத்தான் அவன் கையை நிறுத்தினேன். கொதித்துக்கொண்டிருக்கும் ரேடியேற்றரின் மூடியைத் திறந்தால் தண்ணீர் முகத்துக்குத்தான் வரும். அரை மணி நேரம் இருவரையும் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். தேநீரைக் குடித்துக்கொண்டே முதலாளி இன்னும் ஏசிக்கொண்டிருந்தார்.

நான் வாய் திறக்கவில்லை. ஏனெனில் அதே வார்த்தைகளை 2021ஆம் ஆண்டில் நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு நிற்காமல் வெட்டவும் செய்தேன். வியாபாரிகளாகிய நாம் அதிகம் பேசாத ஒரு விடயம் இது. அதனால் இந்த வாரம் விலைவாசியையும் வங்கி வட்டியையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, நமது வண்டிகள் ஏன் கொதிக்கின்றன, அந்தச் செலவை யார் ஏற்க வேண்டும் என்பதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன்.

எனக்குக் கருவாட்டு வியாபாரம். சிலாபத்திலும் கற்பிட்டிப் பக்கத்திலும் வாங்கி, குருநாகல் வழியாகக் கண்டிக்கும் மாத்தளைக்கும் அனுப்புவேன். அப்போது என்னிடம் இருந்தது ஒரு பழைய டவுன்ஏஸ், 2-சி டீசல் எஞ்சின். அந்த எஞ்சினை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், ஓடுகிறவரை அது தங்கம். ஆனால் அதன் உடல் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். சூடு கூடினால் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அலுமினியம் அதிகமாக விரியும், வளையும், வால்வுகளுக்கு நடுவில் வெடிக்கும். மற்ற எஞ்சின்கள் ஒருமுறை கொதித்ததைப் பொறுத்துக்கொண்டாலும் இது பொறுக்காது.

என் சாரதி பக்கத்து ஊர்ப் பையன், ஆறு வருடம் என்னோடு இருந்தவர். இரண்டு கிழமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார், "முதலாளி, ஏத்தத்துல ஊசி கொஞ்சம் ஏறுது" என்று. "தண்ணிய ஊத்திட்டு ஓட்டுங்க தம்பி" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் நிற்கும் பையன் தினமும் காலையில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிவிடுவான். அந்த நாளில் ஏற்றியிருந்த பாரமும் வழமையைவிட அதிகம். ஏற்றச் சொன்னவன் நான்.

மாவத்தகமவைத் தாண்டியதும் தொலைபேசியில் அழைத்தார். "ஊசி மேல போகுது முதலாளி, நிப்பாட்டட்டா?" அப்போது காலை எட்டரை மணி. கண்டிக் கடைக்காரர் பத்து மணிக்குள் சரக்கு வராவிட்டால் வேறு ஆளிடம் எடுத்துவிடுவார். "மெல்ல ஏத்திட்டுப் போங்க, மேல போனா குளிராயிரும்" என்றேன்.

கலகெதர ஏற்றத்தில் ஊசி சிவப்புக்குப் போயிருக்கிறது. பிறகு திடீரென்று கீழே இறங்கிவிட்டது. வண்டி குளிர்ந்துவிட்டது என்று நினைத்து அவர் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் இழுவை குறைந்து, எஞ்சின் தட்டத் தொடங்கி, நின்றுவிட்டது. மேல் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுவதும் போயிருந்தது. ஹெட் வெடித்திருந்தது, பிஸ்டன்களும் உரசியிருந்தன.

ஊசி ஏன் இறங்கியது? பலர் அறியாத விடயம் இது. வெப்பத்தை அளக்கும் சென்சர் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் போய், அது வெறும் ஆவியிலும் காற்றிலும் நின்றால் மீற்றர் குளிர் என்று காட்டும். எஞ்சின் சிவந்து எரியும் நேரத்தில் ஊசி கீழே கிடக்கும். ஆகவே ஏறிய ஊசி காரணமில்லாமல் சடாரென்று இறங்கினால் அதை நல்ல செய்தியாக எடுக்காதீர்கள். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் அன்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "சிவப்புல போகுதெண்டு தெரிஞ்சும் ஓட்டினது நீங்க" என்று சொல்லி, மாதம் 5000 ரூபா வீதம் சம்பளத்தில் கழித்தேன். நான்கு மாதம் பொறுத்தார். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார்.

இதற்குள் ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தேன். புதுச் சாரதியும் வந்தார். சரியாக ஐந்தாவது மாதம் அந்தப் புதுச் சாரதி வந்து சொன்னார், "முதலாளி, ஏத்தத்துல ஊசி ஏறுது."

எஞ்சின் வேறு, சாரதி வேறு, ஊசி மட்டும் அதே ஊசி. அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது.

புத்தளத்தில் ரேடியேற்றர் மட்டுமே திருத்தும் ஒரு வயதானவரிடம் கொண்டு போனேன். அவர் மேல் தொட்டியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருக்கும் மெல்லிய தட்டையான குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. வீட்டுக் கேத்தலின் அடியில் படியுமே, அதே படைதான். "நானா, இதுக்குள்ள ஊசியும் போகாது, தண்ணி எப்படிப் போகும்?" என்றார். பிறகு தேர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தார். அங்கே ஒன்றுமில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கராஜில், "நம்ம சூட்டுக்கு இது தேவையில்ல" என்று சொல்லிக் கழற்றியபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான். பழைய எஞ்சினில் வெறுமையாய் இருந்த அந்தக் கூட்டைத்தான் புது எஞ்சினிலும் மாட்டியிருக்கிறார்கள்.

புத்தளம் மாவட்டத்துக்காரர்கள் இந்தத் தண்ணீர் விடயத்தைக் கொஞ்சம் ஆழமாக யோசிக்க வேண்டும். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அதனால்தான் நமது பல கிணறுகளில் சவர்க்காரம் நுரைப்பதில்லை. களப்புப் பக்கத்துக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துகொள்ளும். சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து படையாக ஒட்டும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். அந்தத் தண்ணீரைத் தினமும் நிரப்புவதென்றால் தினமும் கொஞ்சம் சுண்ணாம்பை எஞ்சினுக்குள் கொட்டுவதாகத்தான் அர்த்தம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. மூடிய ஒரு தொகுதிக்குள் தினமும் ஏன் தண்ணீர் குறைகிறது? "தினமும் ஒரு போத்தல் குடிக்கும்" என்று பெருமையாகச் சொல்லும் முதலாளிகளை எனக்குத் தெரியும். அது பழக்கம் அல்ல, நோய். போத்தல் தண்ணீர் எங்கே போகிறது என்று தேடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் முடிவு கலகெதர ஏற்றம்தான்.

ஒரு எஞ்சின் எரிக்கும் எரிபொருளின் சக்தியில் சில்லைச் சுழற்ற வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு பெரும் பங்கு சைலன்சர் வழியாகச் சூடாகப் போய்விடும். மிச்சமும் சூடாகத்தான் மாறும், அதைத் தண்ணீர் சுமந்து வந்து ரேடியேற்றரில் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். நமது நுரைச்சோலை மின் நிலையத்தையே பாருங்கள். 300 மெகாவாற் வீதம் மூன்று எஞ்சின் தொகுதிகள். கடலோரத்தில் கொண்டுபோய் வைத்ததற்கு ஒரு காரணம், குளிர்விக்கக் கடல் தண்ணீர் வேண்டும் என்பது. அவ்வளவு பெரிய நிலையத்துக்கு உள்ள அதே பிரச்சினைதான் நமது வேனின் ஆசனத்துக்குக் கீழேயும் இருக்கிறது. சூட்டை வெளியே கொண்டுபோக வழி வேண்டும்.

வண்டி கொதிக்கிறது என்றால் கராஜுக்குப் போவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். எப்போது கொதிக்கிறது? இந்த ஒரு விடை பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்றுத்தான் பிரச்சினை. ஓடும்போது எதிர்க்காற்று தானாக வருகிறது, நிற்கும்போது பேன்தான் காற்றை இழுக்க வேண்டும். பெல்ட்டில் ஓடும் பேன் என்றால், எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டுப் பேனைக் கையால் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக அசைந்தால் நல்லது. காற்றாடி போல் பல சுற்றுச் சுற்றினால் அதன் கிளட்ச் செத்துவிட்டது. மின்சாரப் பேன் என்றால் அது சூட்டில் தானாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் பியூஸ், ரிலே, பேன் மோட்டார் என்று பார்க்கலாம். இன்னொன்று, பேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு. வேலை செய்ய இடைஞ்சல் என்று கழற்றி வைத்தால் பல இடங்களில் திரும்ப மாட்டுவதில்லை. அது இல்லாவிட்டால் பேன் பக்கத்துக் காற்றைத்தான் கலக்கும், ரேடியேற்றர் வழியாக இழுக்காது. திருவிழா நெரிசலில் என் கடைக்கு முன்னால் நின்ற வேனுக்கும் அந்தக் கூடு இருக்கவில்லை.

இதற்கு மாறாக, நெரிசலில் சும்மா இருந்து, பாரத்தோடு ஏற்றத்திலோ வேகத்திலோ கொதித்தால் தண்ணீர் போதிய அளவு சுற்றவில்லை என்று அர்த்தம். ரேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கலாம், வெளியே தும்பும் பூச்சியும் சேர்ந்து காற்றுப் போகாமல் இருக்கலாம். தேங்காய் மட்டையும் தும்பும் ஏற்றுகிறவர்கள் வெளிப்பக்கத்தை மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். எஞ்சினை முறுக்கும்போது கீழ் ஹோஸ் உறிஞ்சிச் சப்பையானால் அந்த ஹோஸை மாற்ற வேண்டும். ஊசி உயர்ந்து நிற்க, மேல் ஹோஸ் இன்னும் குளிராக இருந்தால் தேர்மோஸ்டாட் திறக்கவில்லை.

இந்தத் தேர்மோஸ்டாட்டைப் பற்றி எனக்கு ஒரு கோபமே உண்டு. பெரும்பாலும் 80 முதல் 90 பாகைக்குள் திறக்கும் சிறிய வால்வு அது. எஞ்சினின் விலையோடு பார்த்தால் ஒன்றுமேயில்லாத பணம். சந்தேகமாக இருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால் திறப்பதைக் கண்ணால் காணலாம். பழுதென்றால் மாற்றுங்கள். எடுத்து எறிந்துவிட்டு மூடாதீர்கள். அது இல்லாத எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும், டீசல் கூடக் குடிக்கும், சீக்கிரம் தேயும். பல ஜப்பான் எஞ்சின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த வால்வு திறக்கும்போதே ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை மூடிவிடும். வால்வே இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் குறுக்கு வழியில் குளிராமலே சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது, ஏற்றத்தில் சூட்டைக் கூட்டும். "நம்ம நாட்டுச் சுவாத்தியத்துக்குத் தேவையில்ல" என்று எந்த பாஸ் சொன்னாலும் நம்பாதீர்கள். ஜப்பானிலும் கோடை காலம் உண்டு.

மூடியையும் மறக்க வேண்டாம். பல வாகனங்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருக்கும். அது அமுக்கத்தின் அளவு. 0.9 பார் அமுக்கத்தைப் பிடித்து வைத்திருந்தால் உள்ளே தண்ணீர் சுமார் 118 பாகை வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து அமுக்கம் கசிந்தால் 100 பாகையிலேயே கொதித்துவிடும். மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் மோசம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும். சிலாபத்தில் ஒன்றும் செய்யாத பழைய மூடி நுவரெலியாவில் காட்டிக்கொடுக்கும்.

வெளியே எந்தக் கசிவும் இல்லாமல் தண்ணீர் குறைந்தால் மட்டும் கெஸ்கட்டைப் பற்றிப் பயப்படுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகினால், எரிந்த காற்று தண்ணீருக்குள் வருகிறது. ரேடியேற்றரில் விடாமல் குமிழி வருவது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஒயில் பால் தேநீர் நிறத்துக்கு மாறுவது எல்லாம் அதே குடும்பம். இதை ஊகிக்கத் தேவையில்லை. ரேடியேற்றர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் ஒன்று உண்டு. எரிந்த காற்று கலந்திருந்தால் நிறம் மாறும். அமுக்கம் கொடுத்துக் கசிவு பார்க்கும் கைப் பம்பும் உண்டு. இந்த இரண்டும் இல்லாத கராஜில் "கெஸ்கட்தான்" என்று சொன்னால், என்ன பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. நம்மிடம் கருவாடு வாங்குகிறவர் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலா வாங்குகிறார்?

கெஸ்கட் மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியானால், ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்காமலும், வெடிப்பு இருக்கிறதா என்று அமுக்கம் கொடுத்துப் பார்க்காமலும் திரும்பப் பூட்ட விடாதீர்கள். வளைந்த ஹெட்டில் புதுக் கெஸ்கட் போட்டால் ஒரு மாதத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். கொதித்ததற்கான காரணத்தைத் திருத்தாமல் கெஸ்கட்டை மட்டும் மாற்றினாலும் அப்படித்தான். நான் ஒரு முழு எஞ்சினையே மாற்றி அதைப் படித்தேன்.

கூலண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. பனி விழாத நாட்டுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதில் உறைவதைத் தடுக்கும் குணம் நமக்குத் தேவையில்லைதான். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கும் தேவை. வாகனக் கையேடு சொல்லும் வகையை வாங்குங்கள். பச்சை, சிவப்பு என்ற நிறம் எந்தத் தரத்துக்கும் உத்தரவாதமல்ல. நிறச் சாயம் கலந்த தண்ணீரும் சந்தையில் கூலண்ட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. செறிவாக வருவதைக் கலக்கக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், பற்றரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். பாதிக்குப் பாதி போதும். கூலண்டைத் தனியாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். அது இனிப்பான நஞ்சு என்பதால் பிள்ளைகளும் பூனையும் நெருங்கும் இடத்தில் திறந்து வைக்காதீர்கள். பழைய சாரதிகள் கசிவை அடைக்க மிளகுத்தூளும் முட்டை வெள்ளைக்கருவும் போடுவார்கள். நடுக்காட்டில் வீடு வந்து சேர அது உதவியிருக்கலாம். வீடு வந்த பிறகும் அதிலேயே ஓடினால் அடைபடுவது ரேடியேற்றர்.

பாதையில் ஊசி ஏறினால் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஏசியை நிறுத்துங்கள். ஹீற்றர் இருக்கும் வாகனமானால் அதை முழுமையாகத் திறந்து விடுங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை, எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அதனால் வெளியேறும். பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் தப்பியிருந்த ஹெட்டும் வெடிக்கும். இப்போது வரும் சில சின்னக் கார்களில் ஊசியே கிடையாது, நீலமும் சிவப்புமாக விளக்கு மட்டும்தான். சிவப்பு எரிந்தால் அங்கே யோசனைக்கு இடமில்லை.

இந்த விடயத்தை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குப் பணக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை ஐந்து வருடம் நாம் இருந்ததை வைத்தே ஓட்டினோம். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பழைய வேனையே தடவிப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். நம்மைப் போன்ற சிறு வியாபாரிக்கு வேன்தான் இரண்டாவது கடை. அந்தக் கடையின் பெறுமதிக்கு முன்னால் கண்டிக் கடைக்காரரின் பத்து மணி பெரிதா? ஒரு நாள் சரக்குப் போகாவிட்டால் எனக்கு ஒரு நாள் இலாபம்தான் போயிருக்கும். போக வைத்ததால் எட்டு மாத இலாபம் போனது.

அடுத்தது சாரதி. "நிப்பாட்டட்டா?" என்று கேட்டவரிடம் "போங்க" என்று சொன்ன பிறகு அந்த எஞ்சின் யாருடைய பொறுப்பு? இதை நான் சில வியாபாரிகளிடம் கேட்டேன். ஒருவர் சொன்னார், "அப்படி அதிகாரம் குடுத்தா ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலயும் ஊசி ஏறும்." அவர் சொல்வதில் உண்மையே இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது எல்லோர் கையிலும் கெமரா போன் இருக்கிறது. ஊசியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் முடிந்தது. காலையில் தண்ணீரும் ஒயிலும் பார்க்காமல் வண்டியை எடுக்கிற சாரதியும் உண்டு, அவரைக் கண்டிக்க வேண்டியதுதான். சொன்ன சாரதியையும் சொல்லாத சாரதியையும் நாம் ஒரே தராசில் வைப்பதுதான் தவறு. சொன்னவருக்கும் வெட்டு விழுந்தால் அடுத்த முறை எவரும் சொல்லமாட்டார். ஊசி ஏறினால் பயந்து, ஊற்றி, ஓட்டி, வண்டியை வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார். மறுநாள் நாம்தான் அதை ஸ்டார்ட் செய்வோம்.

இதைவிட ஒரு கேவலமான பழக்கமும் நம்மிடையே இருக்கிறது. கொதித்த வண்டியைக் கழுவி, ஒயில் மாற்றி, காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்து காட்டி இன்னொரு வியாபாரியின் தலையில் கட்டுவது. வாங்குகிறவரும் நம்மைப் போல் கடன் பட்டு வாங்குகிறவர்தான். என் பழைய டவுன்ஏஸை நான் விற்றபோது எஞ்சின் மாறியதையும் ரேடியேற்றர் அடைத்ததையும் சொல்லித்தான் விற்றேன். விலை குறைந்தது. வாங்கியவர் இன்றும் என் கடைக்கு வந்து போகிறார்.

கழித்த 20,000 ரூபாவை எடுத்துக்கொண்டு பழைய சாரதியின் வீட்டுக்குப் போனேன். ரேடியேற்றரில் கண்டதைச் சொன்னேன். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். தேநீர் தந்தார். திரும்ப வருகிறீர்களா என்று கேட்டேன். "இப்ப இருக்கிற இடம் பரவாயில்ல முதலாளி" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

இப்போது என் வேனில் மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. "ஊசி பாதியைத் தாண்டினால் நிறுத்தவும். என்னைக் கேட்கத் தேவையில்லை. சரக்கு தாமதமானால் என் பொறுப்பு" என்று என் கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். போன மாதம் புத்தளத்துக்குப் போகும் வழியில் பத்துளு ஓயாவில் வைத்துச் சாரதி வண்டியை நிறுத்திவிட்டு ஊசியின் படத்தை அனுப்பினார். கீழ் ஹோஸின் கிளிப் ஒன்று துருப்பிடித்து விட்டிருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு கிளிப் வாங்கி, எஞ்சின் குளிரும் வரை இருந்து, கொண்டு போயிருந்த கேனிலிருந்து கூலண்ட் ஊற்றி, பதினொன்றரைக்குப் புத்தளம் போய்ச் சேர்ந்தார். அன்று வாங்க வேண்டியவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். சரக்கில் பாதி திரும்பி வந்தது.